இதயக் குழாய் ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்களா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஆஞ்சியோ முடிந்து வார்டில் படுத்திருப்பீர்கள். இல்லையென்றால் ரிவியூவுக்குப் போய் டாக்டர் கூப்பிடக் காத்திருப்பீர்கள். கையில் ஃபைலோடு ஒருவர் வந்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஐயா, ரத்தக் குழாய்ல கொழுப்பு படியுறதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி நடக்குது" என்று ஆரம்பிப்பார். அப்படி ஸ்டூல் போட்டு உட்காருவதுதான் என் பிழைப்பு. மதுரையில் இதய ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர். நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை, ஆனாலும் வார்டில் எல்லோருக்கும் நான் 'சிஸ்டர்'தான். எங்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை எங்கள் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில், அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருந்தாக வேண்டும். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கட்டு கனமாகத்தான் இருக்கும். வீட்டில் ஆட்டோக்காரரிடம் அசராமல் பேரம் பேசுகிறவர் யாரோ, அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்த மகனைவிட அந்தச் சித்தியோ மச்சானோதான் சரியான இடத்தில் கேள்வி கேட்பார். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து, முழுவதும் வாசித்துக் காட்டியதைக் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி ஊழியரையே சாட்சியாக நிறுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அநேகமாக யாருமே கேட்காத கேள்வி. "இந்த ஆராய்ச்சியில் கடைசியில் எதை அளக்கிறீர்கள்? படத்தையா, மாரடைப்பையா?"

சில ஆராய்ச்சிகள் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு எவ்வளவு குறைந்தது என்று படம் பிடித்துப் பார்க்கும். சில ஆராய்ச்சிகள் எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணும். இரண்டும் ஒன்றல்ல. 2016-இல் வெளியான கிளாகோவ் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொழுப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 968 பேர். ஒரு பாதிக்கு மாதம் ஒருமுறை கெட்ட கொழுப்பைக் குறைக்கும் எவலோகுமாப் ஊசி, மறு பாதிக்கு மருந்தில்லாத போலி ஊசி. 76 வாரம். தொடக்கத்திலும் முடிவிலும் இதயக் குழாய்க்குள் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கம்பியை விட்டு அளந்தார்கள். கெட்ட கொழுப்பு போலி ஊசிக் குழுவில் சராசரியாக 93, மருந்து ஊசி போட்டவர்களுக்கு 37 அளவுக்கு இறங்கியிருந்தது. குழாயில் படிவு பிடித்திருந்த பங்கு குறைந்ததோ 0.95 சதவீதப் புள்ளி. ஒன்றரை வருட ஊசிக்கு ஒரு புள்ளி கூட முழுசாக இல்லை. 'அடைப்பு கரைந்தது' என்று தலைப்புப் போட்டால் உங்கள் மனதில் எழுகிற படம் வேறு, இந்த எண் வேறு.

அப்படியானால் ஊசி வீணா என்றால், அதுவும் இல்லை. அடுத்த வருடமே அதே மருந்தை 27,564 பேருக்கு வைத்துப் பார்த்த ஃபூரியர் ஆராய்ச்சி, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம், நெஞ்சுவலிக்காக அட்மிட் ஆவது, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியது. சுமார் இரண்டு வருடத்தில் போலி ஊசிக் குழுவில் 11.3 சதவீதம், மருந்துக் குழுவில் 9.8 சதவீதம். ஆயிரம் பேருக்குப் பதினைந்து பேர் தப்பித்தார்கள். படத்தில் சிறிதாகத் தெரிந்த மாற்றத்துக்குப் பின்னால் உண்மையான பயன் இருந்தது.

ஆனால் நேர்மாறாகவும் நடந்திருக்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வியை விடாதீர்கள் என்கிறேன். டார்செட்ராபிப் என்று ஒரு மாத்திரை. நல்ல கொழுப்பை 72 சதவீதம் உயர்த்தியது. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாரும் கைதட்டுவார்கள். 15,067 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்ட பக்கம் 82 சாவு, மறுபக்கம் 51. ரிப்போர்ட்டில் எண் அழகானதை வைத்து மருந்து நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. 'இது படத்தை மட்டும் அளக்கிற ஆராய்ச்சி' என்று நான் சொன்னால், அது அறிவுக்கான ஆராய்ச்சி, உங்கள் மாரடைப்பைத் தடுக்குமா என்பது இன்னும் தெரியாது என்று பொருள். சேரலாம், தெரிந்தே சேருங்கள்.

பிறகு போலி மருந்து விஷயம். "எனக்கு ஊசியில வெறும் தண்ணி போட்டுருவீங்களா சிஸ்டர்?" என்று நேராகக் கேட்கிற பாட்டிகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆமாம், போடலாம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கலில் எடுக்கும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சிபாரிசு பிடித்து மாற்ற முடியாது. கேட்க வேண்டியது வேறு: "இப்போது நான் சாப்பிடும் கொழுப்பு மாத்திரை அடோர்வாஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் அப்படியே தொடருமா?" பெரும்பாலான படிவு ஆராய்ச்சிகளில் தொடரும், புது மருந்தோ போலியோ அதற்கு மேல் கூடுதலாக வரும். நிறுத்தச் சொன்னால், எத்தனை நாளைக்கு, ஏன் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

போலி சிகிச்சை மாத்திரையோடு முடிவதில்லை. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஆர்பிட்டா ஆராய்ச்சியில் 200 நெஞ்சுவலி நோயாளிகளை கேத் லேபுக்கு, அதாவது ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்கிற அறைக்கு, கொண்டுபோய் மயக்கத்தில் வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வைத்தது போலப் பாவனை. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் எவ்வளவு நேரம் நடக்க முடிந்தது என்று பார்த்தால், இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனவே, படிவத்தில் 'போலிச் செயல்முறை' என்ற சொல் வந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள்.

ஸ்டென்ட் வைக்காத குழுவில் விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் எங்கள் ஊரில் பெரிது. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேர் சேர்ந்த இஸ்கீமியா ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளிவந்தது. நோய் திடீரென்று முற்றாமல் நிலையாக உள்ளவர்களுக்கு உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனதால் சாவும் மாரடைப்பும் குறையவில்லை. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது. இது மாரடைப்போடு வந்தவருக்கோ, இடது பிரதான குழாயில் கடும் அடைப்பு உள்ளவருக்கோ பொருந்தாது. அவர்கள் இதைக் காரணம் காட்டி வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த ஸ்கேன், எத்தனை தடவை என்பதையும் கேளுங்கள். சாதாரண ஆஞ்சியோ குழாய்க்குள் ரத்தம் ஓடும் பாதையைக் காட்டும், சுவருக்குள் கொழுப்பு படிந்திருப்பதைக் காட்டாது. அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் சி.டி. எடுக்கிறார்கள், அல்லது குழாய்க்குள் கம்பி விடுகிறார்கள். இரண்டுக்கும் தூர வித்தியாசம். சி.டி. என்றால் கையில் ஊசி வழியாகச் சாயம், கதிர்வீச்சு. கம்பி என்றால் மறுபடி கேத் லேப். "இது என் வைத்தியத்துக்கு எப்படியும் தேவையா, ஆராய்ச்சிக்காக மட்டுமா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

சி.டி. நாளன்று, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள், இதயத் துடிப்பைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, நாக்கடியில் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். வயாகரா வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும். மகன் பக்கத்தில் நிற்கும்போது எந்த அப்பாவும் இதைச் சொல்ல மாட்டார். மகனை டீ வாங்க அனுப்பிவிட்டு நானே கேட்பேன். நான் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மருந்து ஆராய்ச்சி என்றால் மருத்துவ ஆராய்ச்சிகளுக்கான இந்தியப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும், சி.டி.ஆர்.ஐ. (CTRI) என்று தொடங்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் போட்டுப் பாருங்கள். யார் பணம் போடுகிறார்கள், எங்கெல்லாம் நடக்கிறது எல்லாம் தெரியும். 2019-ஆம் வருட விதிகளின்படி ஆராய்ச்சியால் உடம்புக்குக் கேடு வந்தால் வைத்தியம் இலவசம், காயத்துக்கும் சாவுக்கும் இழப்பீடு உண்டு. தீவிரமான பாதிப்பு நடந்தால் 24 மணி நேரத்துக்குள் நாங்கள் மேலே தெரிவித்தாக வேண்டும். ஆகவே நள்ளிரவில் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். படிவத்தில், ஆராய்ச்சியில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். எங்கள் மேலேயே புகார் என்றால் அங்கேதான் பேச வேண்டும், எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பஸ் செலவு தருவார்களா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். உசிலம்பட்டியிலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து ரத்தம் கொடுக்க வருகிறவருக்கு அது நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் வர முடியாது என்று தெரிந்தால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மறுத்ததற்காக உங்கள் வழக்கமான வைத்தியத்தில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், அவ்வளவுதான். ஒரு போன் செய்து, கடைசி ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வந்து போங்கள். மிச்ச மாத்திரைகளைக் கொண்டுவாருங்கள். காலி அட்டைகளையும் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள், அதையும் நான் எண்ணித்தான் எழுத வேண்டும்.