‘கைராசிக்காரர்’ என்று எழுதுவதற்கு முன்: ஒரு மூளை அறுவை மருத்துவரின் வாழ்க்கையை எழுதும் முறை

ஓய்வு பெறும் ஒரு மூளை நரம்பியல் அறுவை மருத்துவரைப் பற்றி மலருக்குக் கட்டுரை எழுத உட்காருபவர், பிறந்த ஊர், படித்த கல்லூரி, பெற்ற விருது என்று அடுக்கிக்கொண்டே போய், ‘கைராசிக்காரர்’ என்ற ஒரே சொல்லில் அவருடைய தொழிலை முடித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கைராசி எதனால் ஆனது என்று காட்டுவதுதான் எழுதுபவரின் வேலை. இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவரான அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங்கின் (1869–1939) வாழ்க்கையை வைத்து அதை விளக்குகிறேன்.

பிறந்த தேதியை ஒதுக்கிவைத்துவிட்டு, நீங்கள் எழுதும் மருத்துவரை உலுக்கிய முதல் தோல்வியைத் தேடுங்கள். குஷிங் ஹார்வர்டில் படித்த நாட்களில் மயக்க மருந்து கொடுப்பதற்கென்று தனி மருத்துவர் கிடையாது; அனுபவமில்லாத மாணவர்களே நோயாளியை ஈதரை முகர வைப்பார்கள். அப்படி அவர் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். மருத்துவத்தையே விட்டுவிடலாமா என்று கலங்கியவர், பிறகு உடன் படித்த எர்னஸ்ட் காட்மனுடன் சேர்ந்து, அறுவை நடக்கும்போதே நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துவைக்கும் தாள் ஒன்றை உருவாக்கினார். 1901-இல் இத்தாலியின் பாவியா நகரில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் உருவாக்கிய ரத்த அழுத்தக் கருவியைக் கண்டதும் அதைத் தாம் பணியாற்றிய அமெரிக்க நகரமான பால்டிமோருக்குக் கொண்டுவந்து, நோயாளியின் ரத்த அழுத்தத்தையும் குறிக்கச் செய்தார். இன்று மயக்க மருத்துவர் ஒவ்வோர் அறுவையிலும் நிரப்பும் தாளுக்கு அதுவே முன்னோடி. நீங்கள் எழுதப்போகும் மருத்துவருக்கும் இப்படியொரு நோயாளி இருப்பார். நேரடியாகக் கேட்டால் சொல்ல மாட்டார், இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் தானாகவே வரும்.

அடுத்து, அவருடைய பணிக்காலம் சி.டி. ஸ்கேனுக்கு முந்தியதா, பிந்தியதா என்று பாருங்கள். லண்டனில் முதல் நோயாளிக்கு அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971-இல்தான். அதற்கு முன்பு, கட்டி எங்கே இருக்கிறது என்பதை நோயாளியின் நடை, பார்வை, பேச்சு ஆகியவற்றிலிருந்தே பெரிதும் ஊகிக்க வேண்டியிருந்தது. ரத்தக் குழாயில் மருந்தேற்றியோ, மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தியோ எக்ஸ்ரே எடுப்பார்கள். 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி தம் முதல் இருபது ஆண்டுகளை இந்த வழிகளை நம்பியே நடத்தினார் என்பதைச் சொல்லாவிட்டால், இன்றைய வாசகருக்கு அந்தக் காலத்தின் துணிச்சல் விளங்காது.

பத்து அறுவைகளைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை முழுமையாக எழுதுங்கள். 1926-இல் குஷிங் ஒரு நோயாளியின் தலையில் கட்டியை எடுக்கத் தொடங்கி, ரத்தப்போக்கு மிகுந்ததால் பாதியிலேயே நிறுத்தினார். சில நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, வில்லியம் போவி என்ற இயற்பியலாளர் செய்த மின்கருவியை அரங்குக்கு வரவழைத்து, மின்சாரத்தால் ரத்தக் குழாய்களைப் பொசுக்கியபடியே அதே கட்டியை அகற்றினார். அவர் எங்கே கையை நிறுத்தினார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இத்தகைய விவரம் மருத்துவரைவிடத் தியேட்டர் சிஸ்டருக்கும் மயக்க மருத்துவருக்குமே நன்றாக நினைவிருக்கும் என்பதால், அவர்களைத் தனியாகச் சந்தியுங்கள்.

குணத்தைப் பற்றி எழுதும்போது ‘எளிமையின் சிகரம்’ வேண்டாம். குஷிங் உதவியாளர்களிடம் கடுமையாக நடந்தவர். 1926-இல் மகன் கார் விபத்தில் இறந்த செய்தி வந்த காலையிலும் அறுவை செய்யப் போனவர். அது கடமையா, கல்நெஞ்சா என்று தீர்ப்புச் சொல்லாமல் நடந்ததை மட்டும் எழுதினால் போதும். குடும்பத்தார் சொன்ன செய்திகளை அச்சேற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். நோயாளிகளின் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள்.

‘ஆயிரக்கணக்கான வெற்றிகரமான அறுவைகள்’ என்ற தொடரைக் கண்டால், இறந்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். 1931-இல் இரண்டாயிரமாவது மூளைக்கட்டியை எட்டிய குஷிங், இறப்புகளையும் சேர்த்தே கணக்கு வைத்து வெளியிட்டவர். விருதுகளும் பதவிகளும் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணையாக இருக்கட்டும்.