ஒன்ராறியோவில் வயதுவந்த பிள்ளைக்கு அடிபட்டால்: எமர்ஜென்சியில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பனியில் வழுக்கி விழுந்து இருபது வயது மகனின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எமர்ஜென்சியில் மணிக்கணக்காக இருந்தும் கூப்பிடவில்லை. தாதியிடம் போய்க் கேட்டால், மகனிடமே பேசுகிறேன் என்கிறார். புதிதாக வந்த பெற்றோர் மனம் நொந்துபோவது இங்கேதான்.

எமர்ஜென்சியில் வந்த ஒழுங்கில் கூப்பிட மாட்டார்கள். போனவுடன் முதலில் விசாரிக்கும் ட்ரையாஜ் தாதி நிலைமையைப் பார்த்து 1 முதல் 5 வரை ஒரு படி கொடுப்பார். 1 என்றால் உயிராபத்து. சாதாரணக் கைமுறிவு பெரும்பாலும் 3 அல்லது 4. அம்புலன்ஸில் போனாலும் இதே படிதான். படி 4க்கு ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியர் பார்ப்பது இலக்கு. நெரிசலான இரவில் அது நடப்பதில்லை.

அதனால் ட்ரையாஜில் பேசும் அந்தச் சில நிமிடம் முக்கியம். எப்போது, எப்படி விழுந்தார், தலை அடிபட்டதா, என்ன மருந்து எடுத்தார், எதற்கு அலர்ஜி என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கும்போது நம் பிள்ளைகள் கூச்சத்தில் குறைத்துச் சொல்வார்கள். உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். வலிமருந்தும் ஐஸும் அங்கேயே கேட்கலாம். வீக்கம் ஏறுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். எலும்பைப் பொருத்த மயக்கமருந்து தேவைப்படலாம், ஆகவே தாதியைக் கேட்காமல் சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

காத்திருக்கையில் விரல்கள் குளிர்ந்து வெளிறினால், மரத்துப்போனால், வலி ஏறிக்கொண்டே போனால், அல்லது தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால், தூக்கக் கலக்கமானால், உடனே ட்ரையாஜுக்குப் போய் "நிலைமை மாறிவிட்டது, திரும்பப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று சண்டை பிடிப்பதால் படி மாறாது. நிலைமை மாறினால் மாறும்.

பிள்ளை சுயநினைவோடு இருந்தால் சிகிச்சை பற்றிய முடிவு அவருடையது, விபரம் சொல்வதும் அவர் சம்மதத்தோடுதான். "அம்மாவுக்கும் சொல்லலாம்" என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாதி மாறும் நேரத்தில் திரும்பவும் சொல்ல வேண்டிவரும். முடிவெடுக்க முடியாத நிலையில், வேறு ஏற்பாடு எழுதி வைத்திருக்காவிட்டால் கணவன், மனைவி அல்லது சேர்ந்து வாழும் துணையை முதலில் கேட்பார்கள். அப்படி யாரும் இல்லாத பிள்ளை என்றால் பெற்றோரை.

வேலையில் அடிபட்டிருந்தால் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். முதலாளி என்ன சொன்னாலும் மறைக்க வேண்டாம். தொழிலாளர் காப்புறுதிக்கு வைத்தியர் அனுப்பும் படிவம் முக்கிய ஆதாரம். நீங்கள் கோரிக்கை கொடுக்க 6 மாதம்தான் இருக்கிறது.

ஹெல்த் கார்ட் இருந்தால் அம்புலன்ஸுக்கு வழக்கமாக 45 டொலர், இல்லாவிட்டால் 240. சர்வதேச மாணவர்களுக்கு ஹெல்த் கார்ட் இல்லை, கல்லூரிக் காப்புறுதி அட்டையைக் கொண்டுபோங்கள்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் பெருவிரலின் அடிப்பக்கத்தில் அழுத்தினால் இன்னும் வலிக்கிறதா? அங்குள்ள சின்ன எலும்பின் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் பிடிபடாமல் போவதுண்டு. 10 முதல் 14 நாளில் திரும்ப எடுப்பார்கள், அதுவரை ஸ்ப்ளின்டை (கையை அசையாமல் வைத்திருக்கும் கட்டை) கழற்ற வேண்டாம். எலும்பு முறிவைத் தொடர்ந்து பார்க்கும் முறிவுக் கிளினிக் அழைக்காவிட்டால், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளிலுள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள்.