விண்வெளிக் கட்டுமானத்தில் ரோபோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளியில் எடையே கிடையாது, அதனால் எவ்வளவு பெரிய பாகத்தையும் ரோபோ கை சுலபமாகக் கையாண்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். எடை தெரியாது, சரி. நிறை அப்படியேதான் இருக்கிறது. மெல்ல நகரத் தொடங்கிய ஒரு பல டன் பாகத்தை நிறுத்துவது லேசான வேலையல்ல.

அதைவிடச் சிக்கலானது, முதன்முதலில் தொடும் கணம். 1992 மே மாதம் இன்டெல்சாட் 6 செயற்கைக்கோளைப் பிடிக்க நாசா வீரர்கள் எண்டெவர் விண்ணோடத்தில் போனார்கள். பிடிப்பதற்கென்றே செய்த கம்பியை வைத்ததும் அது மாட்டவில்லை. பட்ட வேகத்தில் செயற்கைக்கோள் தள்ளாடத் தொடங்கியது. கடைசியில் மூன்று வீரர்கள் வெளியே போய்க் கையாலேயே பிடித்தார்கள். தரையில் உராய்வு பொருளைப் பிடித்து நிறுத்தும், அங்கே அது கிடையாது; அதனால் தரையில் பார்த்த ஒத்திகையை அப்படியே நம்பக் கூடாது.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் கனடார்ம்2 எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். 17.6 மீட்டர் நீள ரோபோ கை அது. அதன் முனை ஒரு குழல்; உள்ளே மூன்று கம்பிச் சுருக்குகள். வந்த விண்கலத்தில் துருத்தி நிற்கும் முளை குழலுக்குள் நுழைந்ததும் சுருக்குகள் சுழன்று அதை வளைத்துக்கொள்ளும், அப்புறம்தான் உள்ளே இழுத்து இறுக்கும். அந்த நேரத்தில் நிலையத்தைத் தள்ளித் திருப்பும் உந்திகள்கூட அணைந்திருக்கும். இடிக்காமல் முதலில் சூழ்ந்துகொள்வது, எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

அடுத்த தவறு, மனிதக் கைக்கென்று ஒரு பொருளைச் செய்துவிட்டு, பராமரிப்பை மட்டும் ரோபோவிடம் விடுவது. ரோபோ பிடிக்கும் இடங்களை வடிவமைக்கும்போதே வைத்துவிட வேண்டும். நிலையத்தில் அப்படி வைத்ததால்தான் கனடார்ம்2 ஒரு முனையை ஊன்றி மறுமுனையை எடுத்துவைத்து நடந்துபோகிறது. அப்படி வைக்காவிட்டால் என்ன பாடு என்பதை 2012-இல் நிலையத்தின் இரு கை ரோபோவான டெக்ஸ்டர் செய்த சோதனை காட்டியது: செயற்கைக்கோளில் உள்ளது போன்ற ஒரு மாதிரி எரிபொருள் மூடியைத் திறக்கும் முன், அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள பாதுகாப்புக் கம்பிகளைத் தேடி வெட்ட வேண்டியிருந்தது.

வெளிச்சத்தையும் மறக்காதீர்கள். நிலையம் பூமியைச் சுற்றும் சுமார் 90 நிமிடத்துக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் வந்துபோகும். கண் கூசும் ஒளிக்குப் பக்கத்திலேயே கரும் நிழல் விழும். கேமராவை மட்டும் நம்பிய திட்டம் தடுமாறும்.

கடைசியாக ஒன்று. பழுதுபார்க்கும் ரோபோவும் பழுதாகும். 2001-இல் பொருத்திய கனடார்ம்2-இன் மணிக்கட்டு மூட்டு ஒன்றை அடுத்த ஆண்டே மாற்ற நேர்ந்தது. 2017-இல் பிடிக்கும் முனையையும் மாற்றினார்கள். 2021-இல் விண்குப்பை ஒன்று கையைத் துளைத்தது தெரியவந்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. மூட்டையும் முனையையும் தனித்தனியே கழற்றி மாட்டும்படி முதலிலேயே செய்திருந்தார்கள், அதனால்தான் அந்த மாற்றங்களுக்காகக் கை முழுவதையும் பூமிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.