வாடகை சர்வரில் சிபியு உங்களுக்கு மட்டுமா, பங்குக்கா? டெர்மினலிலேயே கண்டுபிடிக்கலாம்

விபிஎஸ் (ஒரு பெரிய இயந்திரத்தைப் பிரித்து வாடகைக்கு விடும் மெய்நிகர் சர்வர்) எடுக்கும்போது விலைப் பட்டியலில் ‘2 விசிபியு, 4 ஜிபி ரேம்’ என்று போட்டிருப்பார்கள். அந்த இரண்டு விசிபியுவும் (மெய்நிகர் சிபியு) முழுசாக உங்களுக்கா, அதே இயந்திரத்தில் இருக்கும் மற்ற வாடகைக்காரர்களோடு பங்கா என்பது அந்த வரியில் இருக்காது. தெரிந்துகொள்ளத் தேவையான கருவிகள் லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் நுழையத் தெரிந்தால் போதும். உபுண்டு, டெபியன் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி

இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் ஒரு விசிபியு என்பது பெரும்பாலும் ஒரு கோர் அல்ல, கோரின் ஒரு த்ரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் இரண்டு வேலை இழைகளில் ஒன்று). 32 கோர் உள்ள இயந்திரத்தில் 64 த்ரெட் இருக்கும். ஷேர்டு பிளானில் அந்த 64-ஐ வைத்துக்கொண்டு அதைவிட அதிக விசிபியுக்களை விற்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை வராது என்ற கணக்கில்தான் விலை குறைகிறது. டெடிகேட்டட் பிளானில் உங்களுக்குக் கொடுத்த த்ரெட்டை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தாயிற்று, பரிமாறுகிறவர் பக்கத்து வரிசையில் நிற்கிறார். அந்தக் காத்திருப்புதான் லினக்ஸில் ‘ஸ்டீல் டைம்’. உங்கள் சர்வர் வேலை செய்யத் தயாராக இருந்தும், ஹைப்பர்வைசர் (இயந்திரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) சிபியுவை வேறொருவருக்குக் கொடுத்திருந்த நேரம் அது. பந்தியில் உட்காரவே இல்லையென்றால் காத்திருப்பும் இல்லை. சும்மா கிடக்கிற சர்வரில் ஸ்டீல் டைம் பூஜ்யம்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘என்னுடையது டெடிகேட்டட்’ என்று முடிவுகட்டக் கூடாது.

படி 1: பிளான் பெயரைப் படியுங்கள்

பாதிக் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும். ஹெட்ஸ்னரில் சிஎக்ஸ், சிபிஎக்ஸ், சிஏஎக்ஸ் வகைகள் ஷேர்டு, சிசிஎக்ஸ் டெடிகேட்டட். டிஜிட்டல் ஓஷனில் பேசிக் ட்ராப்லெட் ஷேர்டு. ஜெனரல் பர்ப்பஸ், சிபியு ஆப்டிமைஸ்டு இரண்டும் டெடிகேட்டட். லினோடில் பெயரிலேயே ஷேர்டு, டெடிகேட்டட் என்று எழுதியிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் கூகுள் கிளவுடின் சின்ன இயந்திரங்கள். இ2-மைக்ரோ எடுத்தால் உள்ளே 2 விசிபியு தெரியும். ஆனால் தொடர்ந்து ஓட்டினால் கிடைப்பது ஒரு விசிபியுவில் கால் பங்கு. இ2-ஸ்மாலில் அரை, இ2-மீடியத்தில் ஒன்று. அதற்கு மேல் கொஞ்ச நேரம் மட்டும் எகிறிப் போகலாம்.

அமேசானின் டி வகையில் கணக்கு வேறு. அங்கே கிரெடிட் முறை. ஒரு கிரெடிட் என்றால் ஒரு விசிபியுவை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டலாம். டி3-மைக்ரோவுக்கு மணிக்கு 12 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 288 வரை. இரண்டு விசிபியுவையும் முழுசாக ஓட்டினால் நிமிடத்துக்கு இரண்டு கிரெடிட் கரையும். நிறைந்த கையிருப்போடு தொடங்கினாலும், இடையில் சேர்வதையும் கணக்கில் எடுத்தால், சுமார் 160 நிமிடத்தில் காலி. பிறகு ஸ்டாண்டர்டு முறையில் இருந்தால் விசிபியுவுக்கு 10 சதவீதமாக வேகம் விழும். அன்லிமிடெட் முறையில் வேகம் விழாது, பில் ஏறும். டி3-இல் அன்லிமிடெட்தான் இயல்பு நிலை என்பதை மறந்துவிடாதீர்கள். கையிருப்பை அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் பக்கத்தில் ‘சிபியு கிரெடிட் பேலன்ஸ்’ வரைபடத்தில் பார்க்கலாம். அஷூரில் பி வகையும் இதே போலக் கிரெடிட் சேர்த்துச் செலவழிக்கிற வகைதான்.

படி 2: எந்த மெய்நிகர் முறை என்று பாருங்கள்

சிஸ்டம்டி, டிடெக்ட், விர்ட் என்ற மூன்று சொற்களையும் நடுவே சிறு கோடு போட்டு இணைத்து அடியுங்கள். கேவிஎம் அல்லது ஸென் என்று வந்தால் தொடரலாம். ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி என்று வந்தால் உங்களிடம் இருப்பது முழு மெய்நிகர் இயந்திரம் அல்ல, மற்றவர்களோடு ஒரே கெர்னலைப் பகிரும் கன்டெய்னர். அங்கே ஸ்டீல் எண்ணை நம்பிப் பயனில்லை. விஎம்வேர் என்று வந்தாலும் அந்த எண் பெரும்பாலும் பூஜ்யத்திலேயே நிற்கும். இந்த வகையினர் நேராகப் படி 5-க்குப் போய்விடுங்கள். அங்கே தேவைப்படும் சிஸ்பெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியை நிறுவுகிற விவரம் மட்டும் படி 3-இல் இருக்கிறது.

படி 3: சிபியுவுக்கு வேலை கொடுத்து எண்ணைப் படியுங்கள்

ஆப்ட் மூலம் சிஸ்பெஞ்ச் தொகுப்பை நிறுவுங்கள். பிறகு ‘சிஸ்பெஞ்ச் சிபியு’ என்று தொடங்கி, இரட்டைக் கோட்டோடு ‘த்ரெட்ஸ்’ மதிப்பை உங்கள் விசிபியு எண்ணிக்கைக்குச் சமமாகவும், அதே போல ‘டைம்’ மதிப்பை 60 ஆகவும் கொடுத்து, கடைசியில் ‘ரன்’ சேர்த்து ஓடவிடுங்கள். ஒரு நிமிடச் சோதனை போதும். ஷேர்டு பிளானில் மணிக்கணக்காக நூறு சதவீதம் ஓட்டுவதைச் சில நிறுவனங்கள் விதிமீறலாக எடுத்துக்கொள்ளும்.

அது ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் ‘டாப்’ திறவுங்கள். மேலே சிபியு வரியில் எட்டு எண்கள் வரிசையாக இருக்கும்: யுஎஸ், எஸ்ஒய், என்ஐ, ஐடி, டபிள்யூஏ, எச்ஐ, எஸ்ஐ, எஸ்டி. கடைசியில் இருக்கிற எஸ்டிதான் ஸ்டீல். 1 என்ற விசையைத் தட்டினால் ஒவ்வொரு விசிபியுவுக்கும் தனி வரி வரும்.

டாப் காட்டுவது நொடிக்கு நொடி துள்ளும். துல்லியமாக வேண்டுமென்றால் ப்ராக் அடைவில் இருக்கும் ஸ்டாட் கோப்பை ‘கேட்’ கொண்டு திறந்து முதல் வரியைப் பாருங்கள். ‘சிபியு’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும் எட்டாவது எண், சர்வர் கிளம்பியதிலிருந்து சேர்ந்த மொத்த ஸ்டீல். நொடிக்கு 100 துண்டு என்ற அளவில் எண்ணியிருக்கும். சோதனை தொடங்கும்போது ஒருமுறை, சரியாக 60 நொடி கழித்து ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். 2 விசிபியு என்றால் அந்த நிமிடத்தின் மொத்தத் துண்டுகள் 60 × 100 × 2 = 12,000. எட்டாவது எண் 960 கூடியிருந்தால் ஸ்டீல் 8 சதவீதம். அந்த நிமிடத்தில் உங்களுக்கு வரவேண்டிய நேரத்தில் 8 சதவீதம் வேறு யாருக்கோ போயிருக்கிறது.

நல்ல டெடிகேட்டட் பிளானில் முழு வேலை நடக்கும்போதும் எஸ்டி பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். ஷேர்டில் ஒன்றிரண்டு சதவீதம் சகஜம், அதற்காகக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தொடர்ந்து பத்துக்கு மேல் போனால் அந்த இயந்திரத்தில் நெரிசல், அல்லது உங்கள் கிரெடிட் தீர்ந்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறீர்கள்.

படி 4: ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள்

நள்ளிரவில் சோதித்தால் எல்லாமே டெடிகேட்டட் மாதிரித்தான் தெரியும். அதனால் இந்த எண்களைத் தானாகப் பதிவு செய்யும் சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவி, எட்ஸி அடைவுக்குள் டிஃபால்ட், அதற்குள் சிஸ்ஸ்டாட் என்ற கோப்பில் ‘எனேபிள்டு’ மதிப்பை ‘ட்ரூ’ ஆக்குங்கள். சேவையை மறுபடி தொடங்கியதும் 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு எழுத ஆரம்பிக்கும். மறுநாள் இரவில் ‘சார்’ என்று அடித்தால் அன்றைய பதிவிலிருந்து நேரவாரியாக ஸ்டீல் சதவீதம் வரிசையாக வந்து நிற்கும். உங்கள் தளத்துக்கு ஆட்கள் வருகிற நேரத்தில் அது எவ்வளவு என்பதைப் பாருங்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஏறினால் யாரோ பேக்கப் எடுக்கிறார்கள், உங்களுக்கென்ன!

படி 5: எஸ்டி பூஜ்யம் காட்டினாலும்

ஸ்டீல் தெரியாத இடங்களில் வேகத்தை நேரடியாக அளப்பதே வழி. சிஸ்பெஞ்ச் முடிந்ததும் ‘ஈவென்ட்ஸ் பெர் செகண்ட்’ என்று ஒரு எண் கொடுக்கும். காலை, மதியம், இரவு என்று வெவ்வேறு நேரங்களில் ஓட்டி அந்த எண்களை அருகருகே எழுதுங்கள். கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்லது. இரவு எட்டு மணிக்கு மட்டும் பாதியாகிறது என்றால், எஸ்டி என்ன சொன்னாலும் நீங்கள் பங்குக்குத்தான் இருக்கிறீர்கள்.

அதே கருவியில் ஒரு த்ரெட், பிறகு இரண்டு த்ரெட் என்று ஓட்டிப் பாருங்கள். எண் இரட்டிப்பை ஒட்டி வந்தால் உங்கள் இரண்டு விசிபியுவும் பெரும்பாலும் தனித்தனிக் கோரில் இருக்கின்றன. வெகுவாகக் குறைந்தால், இரண்டும் ஒரே கோரின் இரு த்ரெட்டாக இருக்கலாம். அது ஏமாற்று வேலை இல்லை, பல டெடிகேட்டட் பிளான்களே அப்படித்தான். டெடிகேட்டட் என்றாலும் எல்3 கேஷ் (சிபியுவுக்குள் இருக்கும் வேகமான நினைவகம்), ரேமுக்குத் தரவு போய்வரும் பாதை, சில பிளான்களில் டிஸ்க் எல்லாம் பொதுவாகவே இருக்கும். அதனால் சிறு ஏற்ற இறக்கம் எங்கும் உண்டு.

எண்களை வைத்து என்ன செய்வது

தளம் மெதுவாக இருக்கிறது என்றதும் பிளானை உயர்த்த ஓடாதீர்கள். யுஎஸ் எகிறி எஸ்டி பூஜ்யமாக இருந்தால் குற்றவாளி உங்கள் நிரல்தான்; வேர்ட்பிரஸ் என்றால் கேஷ் ப்ளக்இன் ஒன்று போட்டுப் பாருங்கள். டபிள்யூஏ எகிறினால் டிஸ்க் காத்திருப்பு. இந்த இரண்டையும் டெடிகேட்டட் சிபியு தீர்க்காது. நாளைக்குச் சில நூறு பேர் வருகிற வலைப்பூவுக்கோ கடைத் தளத்துக்கோ ஷேர்டே தாராளம் என்பது என் கருத்து. வீடியோ மாற்றுவது, கேம் சர்வர், ஓயாமல் கேள்வி வாங்குகிற டேட்டாபேஸ் போல விடாமல் சிபியு கேட்கிற வேலைக்குத்தான் கூடுதல் பணம் தகும்.

எஸ்டிதான் சிக்கல் என்று தெரிந்தால் சார் பதிவை நேரத்தோடு நகலெடுத்து ஆதரவுக் குழுவுக்கு அனுப்பி, வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் ‘மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்’ என்றுதான் பதில் வரும். அமேசானில் ரீபூட் செய்தால் அதே இயந்திரத்திலேயே இருப்பீர்கள். ஸ்டாப் செய்து பிறகு ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வேறு இயந்திரத்துக்குப் போவீர்கள். அதற்கு முன் எலாஸ்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பொது ஐபி முகவரி மாறி, டிஎன்எஸ்ஸையும் திருத்த வேண்டிவரும்.