கடுங்குளிர் கழிந்ததும் கினிக்கோழிகளைக் கணக்கெடுப்பது எப்படி?

"இந்த வருடம் கினிக்கோழியையே காணோம், பனி கொண்டுபோய்விட்டது" என்று குளிர்காலம் முடியும் ஆகஸ்ட் கடைசியில், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் உள்ள எங்கள் மூய் ரிவர் பக்கத்து விவசாயிகள் சொல்வது வழக்கம். பனிதான் கொண்டுபோனதா, முந்தைய கோடையிலேயே குஞ்சுகள் தேறாமல் போயினவா, அல்லது நாமே புல்லை எல்லாம் எரித்து அவை ஒதுங்க இடமில்லாமல் செய்துவிட்டோமா என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வருடத்துக்கு மூன்று முறை எண்ணினால் போதும். ஒரு நோட்டுப் புத்தகமும் பைனாகுலரும் பொறுமையும் இருந்தால் யாரும் செய்யலாம்.

முதல் எண்ணிக்கையை மே மாதத்தில் எடுங்கள். குளிர்காலம் முழுவதும் கினிக்கோழிகள் பெருங்கூட்டமாகத் திரியும்; பொழுது சாய்ந்ததும் வழக்கமான மரங்களில் போய் அடையும். எங்கள் நிலத்தில் அது ஓடைக்கரை வாட்டில் மரங்கள். பகலில் வயலில் எண்ணிப் பயனில்லை, பாதிப் பறவைகள் சோளத்தட்டைக்குள் தலை குனிந்திருக்கும். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் மரத்திலிருந்து தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நடந்து வரும். மரத்தடியில் சற்று நின்று, நீலக் கழுத்தை நீட்டி மேலே பார்க்கும். பிறகு படபடவென்று ஒவ்வொன்றாக ஏறும். ஏற ஏற எண்ணிவிட வேண்டும். டார்ச் அடிக்க வேண்டாம். கலைந்தால் குளிரில் இரவெல்லாம் இடம் தேடி அலையும்.

இரண்டாவது எண்ணிக்கை ஆகஸ்ட் கடைசியில், அதே மரம், அதே நேரம். முதல் மழைக்குப் பின் கூட்டம் சோடி சோடியாகப் பிரிந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மே மாதக் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் குளிர்கால இழப்பு. வேட்டையில் போனவை தெரிந்தால் தனியாகக் குறித்துக் கழியுங்கள்.

வட அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஃபெசன்ட் கோழிகளைப் பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். அங்கே கோடையான ஆகஸ்ட் மாதத்தில், பனித்துளி கனத்த, காற்றில்லாத காலையில் மண் சாலைகளில் மெதுவாக வண்டி ஓட்டுவார்கள். ஈரப் புல்லிலிருந்து உடம்பை உலர்த்திக்கொள்ள குஞ்சுகளோடு கோழிகள் சாலையோரம் வந்து நிற்கும். குளிர்காலத்தில் சுமார் 31 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தாலோ, ஏப்ரல், மே மாதங்களில் 8 அங்குலத்துக்கு மேல் மழை பெய்தாலோ எண்ணிக்கை இறங்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. பனிப்புயலில் அலகிலும் மூக்குத் துவாரத்திலும் பனி உறைந்து மூச்சு முட்டிச் சாகும் ஃபெசன்ட்டுகளும் உண்டு.

நம் ஊர்க் குளிர்காலம் வேறு. இங்கே அது மழையில்லாக் காலம். பனி விழுந்தாலும் மலையடிவாரத்தில் பெரும்பாலும் நெடுநாள் தங்குவதில்லை. கினிக்கோழிக்கு வேண்டியது சிந்திய தானியமும், மண்ணைக் கிளறினால் கிடைக்கும் கோரைக்கிழங்கும், காற்றுக்கு மறைவும். இவை இருந்தால் உறைபனியை அது தாங்கும். ஆபத்து, பருவம் தப்பி வரும் குளிரில்தான். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் என்3 நெடுஞ்சாலையே பனியில் முடங்கியது நினைவிருக்கும். 21ஆம் தேதி முதல் புரட்டாசிச் சனிக்கிழமை. கோயிலுக்குக் கிளம்பியவர்கள் பலர் வீட்டிலேயே விளக்கேற்றினார்கள். தரை மூடிக்கிடக்கும் அத்தகைய நாட்களில் மட்டும் உடைத்த சோளத்தை மரத்தடிக்கு அருகே பரவலாக இறைக்கலாம். பூச்சிமருந்து கலந்த விதைச் சோளத்தை ஒருக்காலும் இறைக்காதீர்கள்.

செத்த பறவை கிடந்தால் கையுறை போட்டு நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பு கத்தி முனையாகத் துருத்தினால் பட்டினி. சதை நிறைந்திருந்தால் காரணம் வேறு. ஒரே இடத்தில் பல பறவைகள் கிடந்தால் தொடவே வேண்டாம். 2023இல் பறவைக் காய்ச்சல் இந்த நாட்டின் கோழிப் பண்ணைகளை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோம். அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

என் அனுபவத்தில் கூட்டத்தைக் குறைப்பது குளிர்காலத்தைவிட அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான குளிர்மழையும் ஆலங்கட்டியும்தான். தாய்க்கோழி உயரமான புல்லில் தரையில் முட்டையிட்டு 25 நாள் போல அடைகாக்கும். பொரித்த குஞ்சின் பூமயிர் நீரைத் தடுக்காது. முதல் இரண்டு வாரம் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு நவம்பர் மாலை ஆலங்கட்டி மழை ஓய்ந்ததும் வேலியோரப் புல்லை விலக்கிப் பார்த்தேன். சிறகை இரண்டு பக்கமும் தாழ்த்தி, முதுகில் மழைநீர் வழிய, கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் நெஞ்சுக்கு வெளியே தப்பிய ஒரு குஞ்சு மட்டும் கண்ணில் பட்டது: வரிவரியான பூமயிர் நனைந்து தோலோடு ஒட்டி, சிவந்த கால்கள் மடங்கிக் கிடந்தன. உடனே விலகிவிட்டேன். அப்படிப் பார்த்தால் நீங்களும் விலகிவிடுங்கள், நாயைக் கட்டிவையுங்கள். கோழியை எழுப்பினால் உள்ளே உலர்ந்திருக்கும் குஞ்சுகளும் நனையும். குளிர் நீடித்தால் பூச்சிகளும் நடமாடாது. குஞ்சுகளுக்கு அதுதான் உணவு.

மூன்றாவது எண்ணிக்கை தைப்பூசக் காவடி முடிந்த கையோடு, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ. விடியற்காலையில், பனித்துளி இருக்கும்போது, பண்ணைச் சாலையில் மெதுவாகப் போங்கள். பெரியவை எத்தனை, இளசுகள் எத்தனை என்று தனித்தனியே எழுதுங்கள். இளசுக்குத் தலைக்கொம்பு குட்டையாக இருக்கும், முகத்தில் நீலமும் சிவப்பும் ஏறியிருக்காது. இளசுகள் குறைவு என்றால் வசந்தம் கெடுத்திருக்கிறது. இளசுகள் நிறைய இருந்தும் அடுத்த ஆகஸ்டில் கூட்டம் சுருங்கினால் குளிர்காலத்து மறைவைப் பாருங்கள். மாடு மேய்க்கும் ஜூலு பெரியவர்களையும் கேளுங்கள். எந்த இம்பாங்கெலே (ஜூலு மொழியில் கினிக்கோழி) எங்கே முட்டை வைத்தது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

வானிலையை மாற்ற முடியாது, மறைவை மாற்றலாம். தீத்தடுப்புப் பட்டைகளை ஜூன், ஜூலையிலேயே எரித்து முடியுங்கள். முட்டைக் காலத்தில் நெருப்பு வைக்காதீர்கள். எல்லாப் புல்லையும் ஒரே வருடத்தில் எரிக்காமல், வேலியோரமும் ஓடைக்கரையும் ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு விடுங்கள். சோளத்தில் கடைசி சில வரிசைகளை நிற்கவிடுங்கள். வைக்கோலுக்குப் புல் அறுக்கும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுங்கள், குஞ்சுகள் ஓரத்துக்கு ஓடித் தப்பும். ஓரத்தில் தொடங்கினால் அவை நடுவில் சிக்கிக்கொள்ளும்.