தலைக்கு மேல் பறக்கும் பழைய போர் விமானத்தை இனங்காண்பது எப்படி?

எங்கள் வீடு தென்கிழக்கு லண்டனில், பிக்கின் ஹில் விமானத் தளத்திலிருந்து சில மைல் தொலைவில் இருக்கிறது. முதல் கோடையில் ஒருநாள் கொல்லையில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றில் அதிர்வது போன்ற ஓர் உறுமல் கேட்டது. ஓசை வந்த திசையில் அண்ணாந்து பார்த்தேன்; அங்கே வெறும் வானம்தான் இருந்தது. விமானம் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அது பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைக் கடந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது அதன் வால் மட்டுமே. இதே ஏமாற்றம் நாலைந்து முறை நேர்ந்த பின்னர்தான், பார்க்க வேண்டிய இடம் ஓசை வருகிற இடம் அல்ல என்பது எனக்கு உறைத்தது.

காரணம் எளியது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் விமானத்தின் ஓசை நம் காதை எட்ட நான்கரை விநாடி ஆகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அதற்குள் சுமார் 370 மீட்டர் முன்னே போய்விடும். எனவே ஓசை கேட்டவுடன் தலையை இரண்டு மூன்று முறை இலேசாகத் திருப்பி, அது இடமிருந்து வலமாக நகர்கிறதா, வலமிருந்து இடமாக நகர்கிறதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஓசைக்கு முன்னால், அது போகும் திசையில் கண்ணை ஓட்ட வேண்டும். இந்த விமானங்கள் பெரும்பாலும் தாழ்வாகவே பறப்பதால், உச்சியைத் தேடுவதைவிடக் கூரைகளுக்கும் மரங்களுக்கும் சற்று மேலே தேடுவது பலன் தரும்.

காதுக்குப் பயிற்சி கொடுப்பதும் முக்கியம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானங்களான ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் ஆகியவற்றில் பொருத்தப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் 12 சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் கொண்டது. அதன் ஒரு சிலிண்டரே இன்றைய சாதாரணக் காரின் முழு எஞ்சினைவிடப் பெரியது. புகை வெளியேறும் குழாய்கள் குட்டையாக, ஓசையடக்கி ஏதுமின்றி நேரே வெளியே திறப்பதால், அடியில் கனத்த உறுமலும் மேலே சிறு வெடிப்புகளும் சேர்ந்து கேட்கும். நான்கு மெர்லின்கள் ஒன்றாக ஓடும் லங்காஸ்டரில் அவற்றின் வேகம் அணுவளவும் பிசகாமல் ஒத்திருப்பதில்லை என்பதால், ஓசை ஏறுவதும் இறங்குவதுமாக அலையடிக்கும். சுழலி (டர்பைன்) எஞ்சினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் தற்கால டர்போபுரொப் விமானத்தில் உறுமலுக்குப் பதில் சீரான கீச்சொலி மேலோங்கும். பயிற்சிப் பள்ளிகளின் சிறு செஸ்னாக்கள் தையல் இயந்திரம் போல மெலிதாக இரையும். அதிகம் ஏமாற்றுவது ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானம். அதன் புரொப்பெல்லர் நுனிகள் ஒலியின் வேகத்தை நெருங்குவதால் வானத்தைக் கிழிப்பது போன்ற இரைச்சல் எழும்; ஏதோ பெரிய குண்டுவீச்சு விமானம் வருகிறது என்று ஓடிவந்தால், ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்.

விமானம் கண்ணில் பட்ட பிறகு உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து விநாடிதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் அப்சர்வர் கோர் தொண்டர்கள் காதையும் கண்ணையும் நம்பியே எதிரி விமானத்தைத் தம் விமானத்திலிருந்து பிரித்தறிந்தார்கள். அக்காலத்தில் கற்பிக்கப்பட்ட இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற வரிசை இன்றும் செல்லும். நான் மட்டும் எஞ்சினை முதலில் வைத்துக்கொள்கிறேன். எத்தனை எஞ்சின் என்று எண்ணிவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடுகிறது. அடுத்து மூக்கைப் பாருங்கள். கூராக நீண்டிருந்தால் மெர்லின் போன்ற திரவத்தால் குளிரூட்டப்படும் எஞ்சின். பீப்பாயின் வாய்போல மொண்ணையாக இருந்தால் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த, காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சின்.

ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் பிரித்தறிவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டும் ஒற்றை எஞ்சின், கூர்மூக்கு, ஒரே காலத்துப் பிறவிகள்: ஹரிக்கேன் 1935 நவம்பரிலும் ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச்சிலும் முதன்முதலாகப் பறந்தன. ஸ்பிட்ஃபயரின் இறக்கை புளிய இலைபோல இரு விளிம்பும் வளைந்த நீள்வட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் தாழ்வான உயரத்தில் சண்டையிடுவதற்காக இறக்கை நுனி வெட்டப்பட்ட ஸ்பிட்ஃபயர்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டர்கள் இறக்கைகளின் கீழே தொங்கும். தொடக்ககால வகைகளில் ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாகவும், ஒன்பதாம் மார்க் (மார்க் என்பது வகை எண்) போன்ற பிந்தியவற்றில் இரு பக்கமும் சமமாகவும் இருக்கும். ஹரிக்கேனில் ஒரே ரேடியேட்டர்தான், அது வயிற்றின் நடுவில் பெட்டிபோல நிற்கும். சக்கரங்கள் மடங்கும் விதமும் வேறு: ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் வெளிநோக்கி மடங்குவதால் இறக்கைகளின் நடுவில் இரு வட்டங்கள் தெரியும், ஹரிக்கேனின் சக்கரங்கள் உள்நோக்கி மடங்கி உடலுக்கு அடியில் அருகருகே அமரும். பக்கவாட்டில் பார்த்தால் ஹரிக்கேனின் முதுகு கூன்போட்டிருக்கும், இறக்கையும் தடிமனாக இருக்கும். ரேடியேட்டர் வயிற்றில், ஆனால் இறக்கைக்குப் பின்னால் தள்ளி இருந்து, இறக்கை நுனிகளும் சதுரமாக இருந்தால் அது அமெரிக்க மஸ்டாங்.

கூட்டம் எப்போதும் ஸ்பிட்ஃபயரைத்தான் கேட்கும். எனக்கு ஹரிக்கேன்மீதுதான் பற்று. நான் பிறந்த திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9 அன்று தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழும்பி எதிர்த்தவை ஹரிக்கேன்கள்தான். நான்கு நாள் முன்பு கொழும்பில், குதிரைப் பந்தயத் திடலில் அமைந்த தற்காலிக ஓடுதளத்திலிருந்தும் அவைதான் எழும்பின.

தென்கிழக்கு இங்கிலாந்தில் நீங்கள் காணும் ஸ்பிட்ஃபயரில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால், அது பயணிக்காக மாற்றப்பட்ட ஈரிருக்கை விமானம். பிக்கின் ஹில், குட்வுட், டக்ஸ்ஃபோர்ட் ஆகிய தளங்களிலிருந்து கட்டணம் வாங்கிக்கொண்டு இத்தகைய விமானங்களில் ஏற்றிச் செல்கிறார்கள்.

நான்கு எஞ்சின்களில் குழப்பம் குறைவு. வாலின் இரு முனைகளிலும் நீள்வட்டத் தகடுகள் நின்றால் லங்காஸ்டர். 7,300-க்கும் மேல் கட்டப்பட்டதில் பறக்கும் நிலையில் உள்ளவை இரண்டே, ஒன்று இங்கிலாந்திலும் மற்றது கனடாவின் ஹாமில்டனிலும் இருக்கின்றன. ஒற்றை வால், அதுவும் மீன் துடுப்பைப் போல முதுகிலிருந்தே எழுந்து உயர்ந்தால் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17. இரண்டு எஞ்சினும் மொண்ணை மூக்குகளும் பயணிகள் விமானம் போன்ற தடித்த உடலும் இருந்து, இறக்கையின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்து பின்விளிம்பு ஏறக்குறைய நேராக இருந்தால் போர்க்காலப் போக்குவரத்து விமானமான டகோட்டா. அதன் சக்கரங்கள் மடங்கிய பின்னும் பாதி வெளியே தெரியும்.

வண்ணத்தை நம்பாதீர்கள். உரிமையாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறொரு படைப்பிரிவின் எழுத்துகளைப் பூசுவார்கள். 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்துக்காகத் தீட்டப்பட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பலவகை விமானங்களில் காணலாம். ஜெர்மானியச் சிலுவைக் குறியுடன் மெர்லின் ஓசையெழுப்பி ஒரு விமானம் வந்தால், உங்கள் காது தவறிவிட்டதாக எண்ண வேண்டாம். போருக்குப் பின் ஸ்பெயினில், ஜெர்மானியச் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டின் உடலில் மெர்லின் எஞ்சினைப் பொருத்திக் கட்டிய பூச்சோனாக அது இருக்கலாம். முகவாய் தொங்கியது போன்ற அதன் மூக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது எதிர்பார்ப்பது என்பதற்கும் வழி உண்டு. 1957-ல் பிக்கின் ஹில்லில் தொடங்கி, 1976 முதல் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பி தளத்தில் இயங்கும் பிரிட்டன் போர் (1940-ல் ஜெர்மானிய விமானப் படையுடன் நடந்த வான்போர்) நினைவு விமானப் பிரிவு, கோடைக்காலத்தில் ஊர் விழாக்களுக்கும் நினைவு நாள்களுக்கும் மேலே பறந்து செல்கிறது. உங்கள் ஊர் இரு நிகழ்ச்சிகளுக்கு இடையிலான வழியில் இருந்தால் போதும், நுழைவுச்சீட்டு எடுக்காமலே பார்த்துவிடலாம். செப்டம்பர் 15, பிரிட்டன் போர் நாள் என்பதால், அதையொட்டிய வார இறுதிகளில் காதைத் திறந்து வைத்திருங்கள். வெயில் நன்றாக அடிக்கிறதே என்று மட்டும் நிச்சயித்துவிடாதீர்கள். வாலில் சிறு சக்கரம் கொண்ட இந்த விமானங்களுக்கு ஓடுதளத்தின் குறுக்கே வீசும் காற்று ஆகாது, நீல வானத்தின் கீழேயே பயணம் ரத்தாகும். கைப்பேசிச் செயலிகளில் தேடுவதும் பயன் தரும், ஆனால் சில விமானங்கள் தம் இருப்பிடத்தை முழுமையாக ஒலிபரப்புவதில்லை என்பதால் திரை வெறுமையாக இருக்கும்போதே தலைக்கு மேல் ஸ்பிட்ஃபயர் போகலாம்.

பைனாகுலர் வாங்குவதாயின் எட்டு மடங்கு பெருக்குவது போதும். அதற்கு மேல் போனால் பார்வைப் பரப்பு சுருங்கி, விமானத்தைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்குள் அது போய்விடும். படம் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை விநாடியில் 250-ல் ஒரு பங்குக்கு மேல் உயர்த்தாதிருப்பது நல்லது. ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தால் புரொப்பெல்லர் உறைந்து நின்று, விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோலத் தெரியும்.

சமையலறைச் சன்னலோரத்தில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்திருக்கிறேன். விமானத்தின் பெயர் பிடிபடாவிட்டாலும் நேரம், வந்த திசை, எஞ்சின் எண்ணிக்கை, வயிற்றில் கண்டது, பக்கவாட்டு எழுத்துகள் ஆகியவற்றை உடனே எழுதிவிடுங்கள். போர்க்கால விமானங்களில் வட்ட இலச்சினையின் ஒருபுறம் இரண்டு எழுத்தும் மறுபுறம் ஒன்றும் இருக்கும், அந்த ஒற்றை எழுத்தாவது கிடைத்தால் மாலையில் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. என் ஏட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: “மாலை 4.10. தெற்கிலிருந்து. ஒரு எஞ்சின். வால் மட்டும்.”