ஊசிக்கு முன் கத்தி: சோர்ந்துபோன விசுவாசிக்கு ஒரு வலை பொத்துகிறவன் சொல்லும் வழி

கிழிந்த வலையைப் பொத்த உட்காருகிற புதுப் பொடியன்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள். ஊசி கைக்கு வந்தவுடன் கட்டத் தொடங்கிவிடுவார்கள். நான் ஊசியை வாங்கி வைத்துவிட்டுக் கத்தியைக் கொடுப்பேன். பேத்தை மீன் கடித்த ஓட்டையோ, முருகைக்கல்லில் மாட்டிக் கிழிந்ததோ, முதலில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். தொங்குகிற நூல், பாதி அறுந்த கண் (வலையின் ஒரு கட்டம்), இழுத்தால் கழன்று வரும் முடிச்சு எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். மேலே தொடங்குகிற முடிச்சில் மூன்று நூல் நிற்க வேண்டும். கீழே முடிக்கிற முடிச்சிலும் மூன்று. சுற்றிவர மற்ற முடிச்சுகளில் இரண்டிரண்டு. அந்தக் கணக்கு சரிவராவிட்டால் எவ்வளவு வடிவாகக் கட்டினாலும் கடைசியில் ஒரு கண் மிஞ்சும், இல்லாவிட்டால் ஒரு கண் குறையும்.

திருகோணமலைத் திருக்கடலூர்க் கரையில் இந்த வேலையைச் செய்து எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த ஆலயத்தில் பின்வாங்கில் இருப்பேன். போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கமும் போனதில்லை. போன மாரியில் ஒரு தம்பி எங்கள் வாடிக்கு, அதாவது கரையிலுள்ள மீனவர் கொட்டிலுக்கு, வந்து வலைக் குவியலில் சாய்ந்தபடி கேட்டான்: “அண்ணே, கடவுளுடைய பெலத்தில சார்ந்திரு, சார்ந்திரு எண்டு எல்லாரும் சொல்றாங்க. எப்படிச் சார்றது எண்டு ஒருத்தரும் சொல்றாங்க இல்லையே?” கேள்வி நியாயமானது. அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கத்தி.

சோர்வு வந்தால் நாம் உடனே பெரிய பெரிய ஜெபம் செய்வோம். “ஆண்டவரே, என்னைப் புதுப்பியும், எழுப்புதலைத் தாரும்.” நல்ல வார்த்தைதான். ஆனால் எங்கே கிழிந்திருக்கிறது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. 2012இல் எஞ்சினுக்கு எடுத்த கடனைக் கட்ட முடியாமல், மகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த ஒரு சோடி காப்பை வீட்டில் சொல்லாமல் அடகு வைத்தேன். அதன்பிறகு எட்டு மாதம் ஒருநாள் தவறாமல் ஜெபித்தேன். விசுவாசம் கேட்டேன், சமாதானம் கேட்டேன், ஊருக்காகவும் நாட்டுக்காகவும் கேட்டேன். காப்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஜெபம் முடிந்து எழும்பும்போது முழங்கால்தான் நொந்தது.

ஒருநாள் பின்னேரம் குசினி வாசலில் நின்று மனைவியிடம் சொன்னேன். அவ தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவுகிற சத்தம் நிற்கவே இல்லை. முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, தலையை நிமிர்த்தாமல், “அடகுத் துண்டு எங்க?” என்று கேட்டா. அவவுக்கு ஏற்கெனவே தெரியும். காப்பை மீட்கப் பதினான்கு மாதம் சென்றது, கோபம் போக அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அன்றிரவு சொன்ன ஜெபத்தில் காப்பு இருந்தது.

அதனால் ஒரு பழைய கொப்பியை எடுத்து, எது கிழிந்ததோ அதை அதன் பெயரைச் சொல்லி எழுதுங்கள். “பாவியாகிய என்னை மன்னியும்” என்பதோடு நிறுத்தாமல், யாரிடம் என்ன பொய் சொன்னீர்கள், எந்தத் தம்பியோடு எத்தனை மாதமாகப் பேசவில்லை, இராத்திரி போனில் என்ன பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். எழுதினால் ஓட்டை பெரிதாகத் தெரியும். பயம் வரும். அது சரியான அடையாளம். தாவீது 51ஆம் சங்கீதத்தில், “சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும், நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்” என்று பத்தாம் வசனத்தில்தான் கேட்கிறான். அதற்கு முன்னுள்ள வசனங்களில் கத்திதான் வேலை செய்கிறது. வேண்டுமென்றால் வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது, இரட்சிப்பையும் (கடவுள் நம்மை மீட்டுத் தமக்குச் சொந்தமாக்குவது) புதுப்பித்தலையும் (சோர்ந்தவனைத் திரும்ப நிமிர்த்துவது) போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிக்கல் இங்கேதான். மனம் சோர்ந்துவிட்டால், “நான் இரட்சிக்கப்படவே இல்லையோ?” என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு நற்செய்திக் கூட்டத்திலும் முன்னுக்குப் போய் நிற்பார்கள். எபேசியர் 2:8 இதைத் தெளிவாகச் சொல்கிறது: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.” ஈவு என்றால் கொடை. இயேசுவின் சீடன் பேதுரு தண்ணீரில் அமிழ்ந்தபோது, “ஆண்டவரே, என்னை இரட்சியும்” என்றான். மொத்தம் மூன்றே சொல். இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்தார். ‘அற்பவிசுவாசியே’ என்று கடிந்துகொண்டது பிடித்த பிறகுதான். அந்த ஒழுங்கை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். கடலில் ஒருவன் விழுந்தால் நாங்களும் அப்படித்தான், ஏச்சு எல்லாம் வள்ளத்தில் ஏற்றிய பிறகு.

எங்கள் சபையின் மூலபுருஷர் ஜோன் வெஸ்லியும் இதில் தடுமாறியவர்தான். 1728இல் குருவாக அபிஷேகம் பெற்றவர். உபவாசம், ஜெபம், சிறைச்சாலைச் சந்திப்பு என்று நேரம் தவறாமல் நடந்த மனுஷன். 1736 சனவரியில் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது புயல் அடித்துப் பெரிய பாய் கிழிந்தது. அவருக்குச் சாவுப் பயம் பிடித்துக்கொண்டது. அதே கப்பலில் இருந்த மொராவிய சபை ஜெர்மன்காரர்கள் குடும்பம் குடும்பமாக நின்று சங்கீதம் பாடிக்கொண்டே இருந்தார்கள். “நீங்கள் பயப்படவில்லையா?” என்று பிறகு கேட்டார். “இல்லை” என்றார்கள். குருவுக்கு அது பெரிய இடி. இரண்டு வருடம் கழித்து, 1738 மே 24ஆம் தேதி மாலை, லண்டனில் ஒரு சிறிய கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், தன் இரட்சிப்புக்குக் கிறிஸ்துவை மட்டுமே நம்பியிருப்பதாக அவருடைய உள்ளத்தில் உறுதி வந்தது. குருவாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு! இதைப் பொடியன்களுக்குச் சொன்னால் அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

ஆக, கிழிந்த வலையும் சொந்தக்காரருடைய வலைதான். கிழிந்ததால் கைமாறிப் போகாது. பொத்துகிற வேலை மட்டும் நாளுக்கு நாள் இருக்கும்.

இனி நாளாந்த வேலை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் போனைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதம், வாய்விட்டு. நீளமானது என்றால் பாதி போதும். பிறகு கொப்பியில் இருக்கிற ஒரு விஷயத்தை எடுத்து, “இன்றைக்கு இதை என்னால் முடியாது, நீர் செய்யும், நானும் கூட வருகிறேன்” என்று சொல்லிவிட்டு எழும்புங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மணித்தியாலம் என்று தொடங்கியவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். நானும் விட்டவன்தான்.

உடம்பு களைத்திருந்தால் ஜெபத்துக்கு முன் நித்திரை கொள்ளுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்தான். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுள் அவனோடு பேசியது நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. இரவுக் கடலுக்குப் போய் வந்தவன் விடியற்காலை ஜெபக்கூட்டத்தில் தூங்கி விழுந்தால் நான் எழுப்புவதில்லை.

இருள் வாரக்கணக்காகப் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரைப் பாருங்கள். குளிசை எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம், காத்திருத்தல். ஏசாயா 40:31 எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது: “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள், அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்வடையார்கள்.” கழுகுப் படம் போட்டு விற்பதால் எல்லோரும் கழுகைத்தான் பார்க்கிறார்கள். வசனம் முடிகிறது நடையில். பறப்பு, ஓட்டம், கடைசியில் நடை. ‘புதுப்பெலன் அடைந்து’ என்கிற இடத்தில் எபிரெய மூலத்திலுள்ள வினைச்சொல்லுக்கு ‘மாற்றுதல்’ என்றும் பொருள் உண்டாம், உடுப்பு மாற்றுவதற்கும் அதே சொல்தான் என்று ஒரு போதகர் எனக்கு விளங்கப்படுத்தினார். கிட்டத்தட்டப் பழைய எஞ்சினைக் கொடுத்துப் புதியதை எடுப்பது மாதிரி. என் பெலனையும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவருடையதையும் கேட்டால் மாற்று நடக்காது.

இந்தக் காத்திருத்தல் எங்கள் கரைக்கு நன்றாகப் பழக்கம். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று எழும்பினால் வள்ளங்களைக் கரைக்கு இழுத்து, கவிழ்த்து, கயிறு போட்டு வைத்துவிடுவோம். சனவரி முதல் ஞாயிறு எங்கள் ஆலயத்தில் உடன்படிக்கை ஆராதனை. வெஸ்லி 1755இல் தொடங்கியது. கடவுளே, உமக்காக என்னை வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக ஓரமாய் வைத்தாலும் சரி என்று அதில் சபையாக ஒப்புக்கொடுக்க வேண்டும். சின்ன வயதில் அது எனக்கு வெறும் வாசிப்பு. ஒரு வருடம் வள்ளம் ஆறு கிழமையாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது, கடைக்காரர் கடன் கொப்பியை மூடிவிட்டார். அந்த ஞாயிறு ‘ஓரமாய் வைத்தாலும்’ என்ற இடம் வந்தபோது எனக்கு வாய் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் என் பங்கையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார். அடுத்த வருடம் நானே சொன்னேன். உங்களுக்கும் சொல்ல முடியாத வரி ஏதாவது இருந்தால் பொய்க்குச் சொல்லாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்லட்டும்.

இதிலிருந்து இன்னொரு விஷயம். வலையைத் தரையில் போட்டுப் பொத்த முடியாது. ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் கண் விரிந்து எங்கே பிழை என்று தெரியும். கம்பம் இல்லாவிட்டால் இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும். யாக்கோபும் யோவானும் படவில் வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். கலாத்தியர் 6:1இல், குற்றத்தில் அகப்பட்ட ஒருவனைச் சாந்தமுள்ள ஆவியோடே ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று பவுல் எழுதுகிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். இதைக் கேள்விப்பட்ட அன்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

எனவே ஒரு ஆளைத் தேடுங்கள். ஒருவர் போதும். கதையை வெளியே கொண்டுபோகாதவராக, உங்களைவிடக் கொஞ்சம் அடிபட்டவராக இருந்தால் நல்லது. கிழமைக்கு ஒருக்கா ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக் கொப்பியைக் காட்டுங்கள். அவர் உபதேசம் செய்யத் தொடங்கினால், “பிடிச்சுக்கொண்டிருங்கோ, நான் கட்டுறன்” என்று சொல்லுங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் பிலிப்பியர் 4:13 ஒட்டியிருக்கும்: “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” பவுல் அதை எழுதியது காவலில் இருந்துகொண்டு. முந்திய வசனத்தில் திருப்தியாய் இருக்கவும் பட்டினியாய் இருக்கவும் பழகினேன் என்கிறார். காணிக்கையைக் கூட்டிப் போட்டால் கடன் அழிந்துபோகும் என்று இந்த வசனத்தைக் காட்டி யாராவது சொன்னால் எழும்பி வெளியே வந்துவிடுங்கள். எனக்கும் அப்படிச் சொன்னார்கள். நானும் போட்டேன். கடன் அப்படியே இருந்தது.

அந்தத் தம்பிக்கு இவ்வளவும் ஒரே நாளில் சொல்லவில்லை. அன்றைக்குக் கத்தியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். பேசாமல் போய்விட்டான். பத்துப் பதினைந்து நாள் கழித்து விடியப்புறம் வந்தான், கையில் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று சுருட்டியபடி. நான் ரொட்டியும் சம்பலும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “முதல்ல சாப்பிடு” என்றேன். சாப்பிட்டான். பிறகு கொப்பியை என்னிடம் தராமல் மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணே, இது ஒரு பக்கத்துல முடியாது போல கிடக்கு” என்றான். வலையின் மறுமுனையை அவன் கையில் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.